யூனிட் கணக்கு – 11
மைவாடியில் சுற்றும் ஓடந்துறைக் காத்தாடி

தெருவிளக்குக் கதையைப் போன வாரமே முடித்துவிட்டோம். இந்த வாரம் கொமரலிங்கத்துத் தோட்டங்களில் ஓடும் பழைய மோட்டார்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

மோட்டார்களைப் பார்க்கத்தான் போனேன். ஆனி மாதக் காற்று. தென்னை ஓலைகள் அத்தனையும் கிழக்கே சாய்ந்து கிடந்தன. மண் விழாமல் டீ கிளாஸைக் கையால் மூடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நம்ம மைவாடியில ஒரு காத்தாடி இருக்குதுங்க. அது மேட்டுப்பாளையத்துப் பக்கம் ஒரு பஞ்சாயத்தோட சொத்துங்க" என்றார். அதன்பிறகு எனக்கு மோட்டார் நினைவே வரவில்லை.

அவர் சொன்னது உண்மை. சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஓடந்துறை ஊராட்சி, 2006இல் 1.55 கோடி ரூபாய் செலவில் இங்கே 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலை வைத்தது! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது என்பதால் இடம் மைவாடி. இங்கே உற்பத்தியாவது மின்வாரியக் கம்பியில் சேரும். ஊராட்சியின் கணக்கில் வரவாகும். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது, ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

இதற்கு விதை ஒரு கரண்ட் பில். 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம், குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஏறிக்கொண்டே போன கட்டணத்தைக் கவனித்தார். முதலில் செய்தது சிறிய காரியம்: விறகிலிருந்து வாயு எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரம். மரத்துண்டுகளுக்குக் காற்றை அளவாகக் கொடுத்து எரித்தால் எரிவாயு வரும். அதில் எஞ்சின் ஓடும், குடிநீர் மேலே ஏறும். அதில் பெற்ற தைரியம்தான் காற்றாலை வரை கொண்டுபோனது.

இன்று அரசின் உதவி அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, அதற்கு மேல் 78,000 ரூபாய் வரை மானியம். மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமத்துக்கு 1 கோடி. ஆனால் தன் பில்லைத் தானே படித்துப் பார்க்காத ஊருக்கு எந்த மானியமும் பெரிதாக உதவாது என்றே நினைக்கிறேன். மைவாடிக் காற்று கொமரலிங்கத்திலும்தான் வீசுகிறது. பேரூராட்சியின் குடிநீர் மோட்டார் மாதம் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று அந்த டீக்கடையில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பழைய மோட்டார்களின் கதை அடுத்த வாரம், கட்டாயமாக. அதற்குள் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மோட்டார் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள குதிரைத்திறனையும் வாங்கிய வருடத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.