பல்லாவரத்துக் கல்லுக்கு என்ன பெயர்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் ஒரு துண்டு கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல் வியாபாரத்தில் இதுவும் கிரானைட்தான். எம்.எஸ்சி. நிலவியல் செய்முறைத் தேர்வில் அப்படி மட்டும் எழுதினால் மதிப்பெண் தேறாது.

முதலில் சுத்தியலால் ஒரு தட்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்பரப்பு பழுப்பேறிப் பொய் சொல்லும். புதிதாக உடைந்த முகம்தான் வேண்டும். பருமணிகள் கண்ணுக்குத் தெரிந்தால், பாறைக்குழம்பு நிலத்துக்கடியில் நிதானமாக ஆறியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். எரிமலைக் குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று இறுகினால் பசால்ட் போல மணி தெரியாமல் கறுத்துக் கிடக்கும். நம் கல் பருமணிக் கல். பத்து மடங்கு லென்ஸை வைத்து, கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். தட்டையான முகங்கள் பளிச்சென்று மின்னினால் அவை ஃபெல்ட்ஸ்பார். மின்னாமல், கண்ணாடிச் சில் போல உடைந்திருப்பது குவார்ட்ஸ். ஆனால் இங்கே குவார்ட்ஸ் வெள்ளையாக இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பளபளப்பு. சந்தேகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். அந்தச் சீவலைத் துருவ நுண்ணோக்கியின் இரு துருவிகளுக்கு இடையே வைத்தால் குவார்ட்ஸ் வெறும் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும், ஃபெல்ட்ஸ்பாரில் ஒரு வகையான பிளேஜியோகிளேஸில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும். இவை எந்தக் கிரானைட்டிலும் உண்டு. மேல் துருவியை விலக்கிவிட்டு மேடையைச் சுழற்றிப் பாருங்கள்: ஒரு கனிமம் மட்டும் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறி, மறுபடி சிவக்கும். துருவியைத் திரும்பச் செருகினால், அதன் பிளவுக் கோடுகள் குறுக்கு இழைக்கு நேராக வரும்போது இருண்டுபோகும். அது ஹைப்பர்ஸ்தீன். சாதாரண கிரானைட்டில் அந்த இடத்தில் பயோட்டைட்டோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும். இரண்டுக்கும் நீர் வேண்டும். ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது என்றால் கல் உருவான இடத்தில் சூடு மிகுதி, நீர் சொற்பம்.

இனி எண்ணிக்கை. குவார்ட்ஸ், ஆல்கலி ஃபெல்ட்ஸ்பார், பிளேஜியோகிளேஸ் மூன்றை மட்டும் நூறாக வைத்து முக்கோணத்தில் குறிக்க வேண்டும். அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடாகவும், பிளேஜியோகிளேஸ் அளவுக்கு மீறாமலும் இருந்தால் கிரானைட் கட்டம். அதோடு ஹைப்பர்ஸ்தீனும் சேர்ந்தால் சார்னோகைட்.

அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இருக்கிறது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். பரங்கிமலையின் பெயரை வைத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

ஹாலந்து இதைக் குழம்பு ஆறி உறைந்த தீப்பாறை என்றே எடுத்துக்கொண்டார். பிறகு கதை சிக்கலானது. கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில், சாம்பல் நிற நைஸ் பாறையின் வரிகள் மங்கி அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதை சி. எஸ். பிச்சமுத்து 1960இல் எழுதினார். அங்கே குழம்பு ஆறி உறையவில்லை. இருந்த பாறையே திடநிலையில் உருமாறியிருக்கிறது. ஆனாலும் சர்வதேசத் தீப்பாறை வகைப்பாட்டில் சார்னோகைட்டுக்கு இன்றும் தனி அட்டவணை உண்டு. கனிமங்களும் விகிதமும் ஒன்றாகவே இருக்க, பிறப்பு மட்டும் வேறாக இருக்கலாம்.

ஆகவே வைவாவில் துண்டை நீட்டி “இது தீப்பாறையா?” என்று கேட்டால், கனிமங்களைச் சொல்லுங்கள், விகிதத்தைச் சொல்லுங்கள், சார்னோகைட் என்றும் சொல்லுங்கள். அதற்குமேல் போகுமுன், “சார், இதை எங்கே எடுத்தீர்கள்? பக்கத்தில் என்ன பாறை இருந்தது?” என்று கேட்டுவிடுங்கள்.