காரில் முதல் ஆடியோ சிஸ்டம்: பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டிய கணக்கு

திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் அமர ராஜா நிறுவனம் தயாரிக்கும் அமரான் பேட்டரிகள் நாடெங்கும் கார்களில் பயன்படுகின்றன. காரில் முதன்முறையாக ஆடியோ சிஸ்டம் பொருத்துவோர் கணக்கைத் தொடங்க வேண்டியதும் அந்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் உச்ச வாட் அளவு விளம்பரத்துக்கே உதவும். தொடர்ந்து தாங்கும் திறனைக் குறிக்கும் ஆர்எம்எஸ் அளவும் ஓம் அளவும் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருந்த வேண்டும்.

80 சதவீத செயல்திறன் கொண்ட 400 வாட் ஆம்ப்ளிஃபயர், முழுத் திறனில் 500 வாட் மின்சாரத்தை இழுக்கும்; 12 வோல்ட்டில் அது சுமார் 42 ஆம்பியர். மெல்லிய வயர் சூடேறித் தீப்பற்றக்கூடும். எனவே தடித்த செம்பு வயரும், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸும் அவசியம். ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபியூஸ் அந்தக் கருவியை மட்டுமே காக்கும். வழியில் வயர் உராய்ந்து காரின் தகட்டில் பட்டால் பயன்படாது.