வலை காலியாக வந்தால் கடலில் மீன் இல்லை என்று அர்த்தமா?

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து புது வலையோடு போன ஃபைபர் படகு மீனில்லாமல் திரும்புகிறது என்று வையுங்கள். கடலில் மீன் இல்லையா, வலையில் ஓட்டையா? கரையில் நிற்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. நிரலைச் சரிபார்க்க அவர்கள் எழுதி வைத்திருக்கும் குட்டிச் சோதனைகள்தான் வலை, பிழைகள்தான் மீன். சோதனைகளை ஓட்டும் கருவி பழசானால் புதியதற்கு மாறியாக வேண்டும். ஜாவா மொழிக்காரர்களுக்கு 2017-ல் வந்த ஜேயூனிட் 5 அப்படி ஒன்று.

மாறியாயிற்று, எல்லாச் சோதனைகளும் பாஸ் என்று பச்சை எரிகிறது. மகிழ்ச்சிதானே? அவசரப்படாதீர்கள்.

அதற்கு முந்தைய ஜேயூனிட் 4-ல், சோதனை தோற்றால் காட்டவேண்டிய செய்தியை முதலில் எழுதுவோம். சோதிக்கவேண்டிய மதிப்பு அடுத்து வரும். 5-ல் செய்தி கடைசிக்குப் போய்விட்டது. ‘வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது’ என்று ஒரு சோதனை. பெயரும் எழுத்துச்சரம், செய்தியும் எழுத்துச்சரம். வரிசையை மாற்ற மறந்தால், புதிய கருவி பெயரை விட்டுவிட்டுச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கும். செய்திதான் எப்போதும் இருக்குமே! சோதனையும் எப்போதும் பாஸ்.

இதைவிட மோசம், ‘வின்டேஜ்’ என்ற துணைக்கருவியைச் சேர்க்க மறப்பது. பழைய பாணிச் சோதனைகள் சத்தமில்லாமல் ஓடாமலே போகலாம். ஓடாத சோதனை எப்படித் தோற்கும்?

அப்படியானால் எதை நம்புவது? நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துப் பாருங்கள். வலைக்குள் நீங்களே ஒரு வஞ்சிரத்தை விடுவதுபோல. சிவப்பு எரிந்தால் வலை நல்ல வலை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை சோதனைகள் ஓடின என்றும் எண்ணிப் பாருங்கள். காரணமில்லாமல் எண்ணிக்கை குறைந்திருந்தால், அந்தப் பச்சையை நம்பாதீர்கள்.