வண்ண மீன் தொட்டி: நீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா?

கறவை மாடு, கோழி, பட்டுப்புழு ஆகியவற்றோடு வண்ண மீன் வளர்ப்பையும் உபதொழிலாக மேற்கொள்ள விரும்பும் சிறு விவசாயிகள், வீட்டுக் கொல்லையில் 1000 லிட்டர் கொள்ளும் ஒரு சிமெண்டுத் தொட்டியோடு தொடங்கலாம். சென்னை கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்கள் இந்தத் தொழிலைக் குடிசைத் தொழிலாகவே நடத்தி வருகின்றன. தொடங்குவது எளிது. ஆனால் விற்பனைக்குத் தயாரான மீன்கள் ஒரே இரவில் செத்து மிதந்தால், தீவனச் செலவும் மூன்று மாத உழைப்பும் அதோடு போய்விடும். இவ்வாறு சாகும்போது பல தடவை தொட்டி நீர் பளிங்கு போலத்தான் இருக்கும். நீரின் தெளிவு வேறு, நலம் வேறு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மீனின் செவுள் வழியாகவும், தின்னாமல் அழுகும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. நல்ல புரதமுள்ள தீவனம் 100 கிராம் இட்டால் ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா நீரில் சேரும். நீரிலும் கற்களிலும் வளரும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு அதிகமாகச் சேர்ந்தாலன்றி மீனுக்குக் கேடில்லை; பயிருக்கோ அதுவே உரம். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பத்துப் பதினைந்து மீன்களுக்கு மேல் விடக்கூடாது. அவசரப்பட்டு முதல் நாளே முந்நூறு குஞ்சுகளை விடுவதால்தான் பெரும்பாலான நட்டம் ஏற்படுகிறது.

நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடின நீராகும். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டி போடும் இனங்களுக்கு இது நன்கு ஒத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் இவற்றையே வளர்ப்பது நல்லது. ஆனால் இத்தகைய நீரில் காரத்தன்மை கூடியிருந்தால் அம்மோனியாவின் கேடும் கூடும். கோடை வெப்பத்தில் பி.எச். 7 ஆக உள்ள நீரில், அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறேழு பங்கு நஞ்சாகிவிடும். ஆகவே வேறு ஊர்க்காரர் ஒரு தொட்டியில் எத்தனை மீன் விடுகிறார் என்று கேட்டு, அதே கணக்கில் இங்கே விடுவது ஆபத்து.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தபின் குழாய் நீரையே தொட்டியில் பிடிப்போரும் உண்டு. மக்கள் குடிப்பதற்காக அதில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீனின் செவுளை எரிக்கும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களையும் கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் வெயிலில் திறந்து வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டு, பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

புதுச் சிமெண்டுத் தொட்டியாயின் சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை மீன் விடக்கூடாது. இரண்டு மூன்று வாரங்களுக்கு நீர் நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டு இட்டு ஊறவைத்து, சில முறை மாற்றிக் கழுவ வேண்டும்.

கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையில் இழைப்பது நம் முன்னோர் வழக்கம். படிகாரமும் அவ்வாறே மண் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். மழையில் செம்மண் கலந்த நீரைத் தனித்தொட்டியில் தெளியவைத்து எடுக்க இவை உதவும். ஆனால் இவை சேற்றை நீக்குமேயன்றி அம்மோனியாவை நீக்கா. மீன் உள்ள தொட்டியில் படிகாரம் போடவே கூடாது.

நீர் பச்சையாவதற்குக் காரணம் வெயிலும் மிகுந்த கழிவும். தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட்டால் குறையும். இளம்பச்சை நீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, குஞ்சுகளுக்கு அது நல்லதே. கடும்பச்சையானால் விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தீவனம் மிகுந்துவிட்டது என்று பொருள். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தினால் போதும். பலர் பதற்றத்தில் நீர் முழுவதையும் இறைத்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதனால் நல்ல நுண்ணுயிர்களும் போய், ஆறு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் இட வேண்டும். வாரம் ஒரு முறை ரப்பர் குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீரை மட்டும், அதாவது 1000 லிட்டருக்கு 250 லிட்டர், மாற்ற வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் பகுதிக்கு இது பெரிய சிக்கனம். இறைத்த நீரைத் தென்னைக்கோ மல்லாட்டைக்கோ பாய்ச்சலாம். கழுவிய ஜல்லி, உடைத்த செங்கல், மேலே நைலான் வலை இட்ட பழைய வாளி ஒன்றை வடிகட்டியாக வைத்து, சிறு மோட்டாரால் நீரை அதன் வழியே சுற்றவிட்டால் நுண்ணுயிர்கள் தங்க இடம் கிடைக்கும். அந்தக் கல்லைக் கழுவும்போது குழாய் நீரில் அல்லாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். செவுள் பழுப்பாகி மீன் தவித்தால் அது பெரும்பாலும் நைட்ரைட்டு நஞ்சே. 1000 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து விட்டால் தணியும். உப்பிட்ட நீரை மட்டும் செடிக்குப் பாய்ச்சக்கூடாது.

நகரங்களில் பவளப்பாறைத் தொட்டி வைப்போரும் இதே நுண்ணுயிர்களைக் கடற்பாறைத் துண்டுகளில் வளர்த்துத்தான் கடல்நீரைத் தூய்மையாக வைக்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 2001 முதல் குற்றம். கடலில்லாத நமக்கு மோலியும் கப்பியும் போதும்.

மின்வெட்டு நேரத்தில் வடிகட்டி சில மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதை வெளியே கொட்டிய பிறகே மோட்டாரைப் போட வேண்டும். அதுவரை ஒரு சொம்பினால் தொட்டி நீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் மீன்களுக்குக் காற்று கிடைக்கும்.