குறி தவறாதிருக்க ஓர் ஊன்றுகோல்



வயலில் காவல் இருந்தவர்களுக்குக் காட்டுப் பன்றியைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டிய மரவள்ளியையும் கச்சானையும் ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும் கூட்டத்தைப் பரணில் இருந்து பார்த்தவர்கள் நீங்கள். சுட்ட பன்றி விழாமல் காயத்தோடு பற்றைக்குள் ஓடினால், அதைத் தேடிப் போகிறவருக்கு வரும் ஆபத்தையும் அறிவீர்கள்.

துவக்கு என்ற சொல்லே இன்று பலருக்கு வெறுப்பான சொல். அது நியாயமே. ஆயினும் பயிரையோ உணவையோ முன்னிட்டு ஒரு விலங்கைச் சுடத்தான் வேண்டும் என்ற நிலையில், அது வேதனையின்றி ஒரே வெடியில் விழவேண்டும்; அந்த வெடி வேறு எவரையும் தொடக்கூடாது. இதற்காகப் பிற நாட்டு வேட்டைக்காரர் கையாளும் ஓர் எளிய கருவிதான் சுடுகோல். அது எவ்வாறு பயன்படுகிறது, எவ்வாறு தெரிவுசெய்யப்படுகிறது என்பதை இங்கு நோக்குவோம்.

கை ஏன் நடுங்குகிறது?

றைபிளை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் அது அசையும். மூச்சு நெஞ்சை உயர்த்துகிறது. இதயத் துடிப்பு தோளை அசைக்கிறது. பாரம் தாங்கும் தசை களைத்து நடுங்குகிறது. இறுக்க இறுக்க நடுக்கம் கூடுமேயன்றிக் குறையாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோளில் இருந்து குழல்வாய் வரை ஏறத்தாழ 1 மீற்றர். குழல்வாய் 1 மில்லிமீற்றர் விலகினால், 100 மீற்றர் தூரத்தில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகும். 200 மீற்றரில் 20 சென்ரிமீற்றர் விலகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சோற்றுக் கோப்பையின் அகலந்தான். ஆகவே ஒரு மில்லிமீற்றர் அசைவே விழுந்த மானுக்கும் காயத்தோடு ஓடிய மானுக்கும் உள்ள வேறுபாடாகிறது.

பழைய உபாயம்

16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் போர்வீரர் பாரமான துவக்குகளைக் கவைக்கோலில் தாங்கிச் சுட்டனர். துவக்கின் பாரம் குறைந்ததும் கோலும் மறைந்தது. 1870களில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் இரண்டு தடிகளைக் குறுக்காகக் கட்டி, அதன்மேல் றைபிளை வைத்து, நிலத்தில் இருந்தபடியே சுட்டார்கள். 1880களின் நடுப்பகுதிக்குள் அப்பெரு மந்தைகள் அழிந்துபோயின. கோல் கையை நிதானப்படுத்தும். பேராசையை நிதானப்படுத்தாது என்பதற்கு இதுவே சாட்சி.

தென் ஆபிரிக்க நாடுகளில் புல் உயரமாக வளர்வதால் படுத்திருந்து சுடுவது பெரும்பாலும் இயலாது. அங்கு வழிகாட்டிகள் ஆளுயரத்துக்குக் கிட்டிய மூன்று நேரான தடிகளை வெட்டி, மேல்நுனிக்குச் சற்றுக் கீழே பழைய ரியூப் றப்பரால் கட்டிக்கொண்டு போவது வழக்கம்.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

1. ஒற்றைக் கோல்: நடைக்கும் உதவும்; பாரமும் குறைவு. மேலும் கீழுமான அசைவைக் குறைக்கும். ஆனால் பக்கவாட்டு அசைவைத் தடுக்காது.

2. இரட்டைக் கோல்: கத்தரிக்கோல் போல் விரியும். பக்கவாட்டு அசைவையும் குறைக்கும். ஆனால் முன்னும் பின்னும் சாயக்கூடியது. சுடுபவர் தம் உடலைச் சற்று முன்சாய்த்துத் தாங்கவேண்டும். இருந்தும் முழங்காலிட்டும் சுடுவதற்கு ஏற்றது.

3. முக்காலி: தானாகவே நிற்கும். அடுப்புக்கு நாம் மூன்று கல் வைப்பது ஏன்? நிலம் மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கால்களும் நிலத்தைத் தொடும். நான்கு கல்லானால் ஒன்று ஆடும். நில அளவையாளரின் கருவியும் இதனாலேயே மூன்று காலில் நிற்கிறது. நின்று சுடுவதற்கு இதுவே நல்லது. விரிக்கச் சற்று நேரம் எடுப்பதே குறை.

துவக்கின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒருங்கே தாங்கும் நான்கு கால் கோல்களும் உண்டு. இவை மிக உறுதியானவை. ஆனால் சுமக்கச் சிரமமானவை.

தெரிவுசெய்யும் போது

உயரம் முதன்மையானது. நின்று சுடுபவருக்குக் கவை தோளுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். பதிந்திருந்தால் முதுகு வளைந்து களைத்து, நடுக்கம் திரும்பிவிடும். அடுத்தது சத்தம். அலுமினியக் கோல் பாரமற்றது; ஆனால் கல்லில் தட்டினால் ஒலிக்கும். மரமும் மூங்கிலும் ஒலி குறைந்தவை. கவைக்குத் தோலோ றப்பரோ சுற்றியிருப்பது நன்று.

குழலைக் கவையில் வைக்கலாகாது. வெடிக்கும்போது குழல் அதிரும். கடினமான பொருளில் பட்டிருந்தால் குண்டு வழி மாறும். குழலின் கீழுள்ள மரப்பகுதியையே வைக்கவேண்டும். விலைகூடிய கோலை வாங்கி மூலையில் வைப்பதிலும், சாதாரண கோலை விரித்து மடித்துப் பலமுறை பழகுவதே மேல்.

கோல் செய்யாதது

கோல் கையைத் தாங்கும், மனச்சாட்சியைத் தாங்காது. றைபிள் குண்டு 3 கிலோமீற்றருக்கு மேலும் செல்லக்கூடியது. விலங்கின் பின்னால் மண்மேடு இருக்கிறதா, மனிதர் இருக்கிறார்களா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு. என்ன விலங்கென்று தெளிவாகத் தெரியாவிட்டால் சுடாமல் விடுவதே முறை.

நமது நாட்டில் பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்படுபவை பெரும்பாலும் குறுந்தூரத்துக்கான சன்னத் துவக்குகள். அவற்றுக்கு முக்காலி அவசியமில்லை. ஆனால் மேற்சொன்ன பொறுப்பு அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

இங்கு கட்டுத்துவக்கைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதையும் தடியில்தான் கட்டுகிறார்கள். அது கொஞ்சமும் நடுங்குவதில்லை. ஆனால் அதன் பின்னால் பார்க்கும் கண் ஒன்றும் இல்லை. கயிற்றில் தட்டுப்படுவது பன்றியா, பட்டிக்குத் திரும்பும் பசுவா, விறகு பொறுக்க வந்த பிள்ளையா என்று அது கேட்பதில்லை. அது சட்டத்துக்கு மாறானது. நெடுநாள் ஆளில்லாதிருந்த காணிக்குத் திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு இரட்டிப்பு ஆபத்தானது. அத்தகைய கயிற்றைக் கண்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

உறுதியான கோலும் பார்க்கும் கண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று இல்லாத இடத்தில் மற்றது பயன் தராது.