பரணில் எலி, கொல்லையில் அணில்

இரவில் பரணில் உருட்டுவது எலி; பகலில் கொல்லைக் கொய்யாவில் தாவுவது அணில். இரண்டும் கொறிக்கும் இனம். இவற்றின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எலியின் பல் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும். கதவு நிலை, மின்கம்பி என்று வயிற்றுக்கு உதவாததையும் எலி கடித்து வைப்பது இதனால்தான்.

ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது தவறு. எலி வீட்டுக்குள் குடியேறி உணவைக் கெடுக்கும், நோயைப் பரப்பும். அணில் மரத்தில் வாழ்வது. பழத்துக்கும் பஞ்சுக்கும்தான் வீட்டுப் பக்கம் வரும். எலியைத் தடுத்தே ஆக வேண்டும். அணிலோடு ஒத்துப்போக வழி உண்டு.

வந்திருப்பது எது?

தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் அடிக்கடி காண்பவை மூன்று. சுண்டெலி 15 முதல் 20 கிராம் எடைதான் இருக்கும். அலமாரியிலும் துணி மூட்டையிலும் கூடு கட்டும். அதன் புழுக்கை அரிசி மணி அளவில் இருக்கும். வீட்டெலி அதைவிடப் பல மடங்கு பெரியது. உடலை விட வால் நீளம். சுவரிலும் விட்டத்திலும் தென்னையிலும் நன்றாக ஏறும். பெருச்சாளி ஏறுவதை விடத் தோண்டுவதில் கெட்டி. சாக்கடை ஓரம், மாட்டுக் கொட்டகை, குப்பைக்குழி ஆகியவை அதன் இடம். சுவரின் அடியில் வளை பறித்து அஸ்திவாரத்து மண்ணையே வெளியே தள்ளிவிடும்.

இவற்றோடு சேர்த்து அடிபடுவது மூஞ்சூறு. கூரிய மூக்கும் கீச்சுக் குரலும் கொண்ட இது எலியே அல்ல. கரப்பான், பூச்சி, புழுக்களைத் தின்று வீட்டுக்கு நன்மை செய்வது. அதை வெளியே விரட்டினால் போதும், கொல்லத் தேவையில்லை.

எந்த வழியாக நடமாட்டம் என்று தெரியவில்லையா? இரவு படுக்கும் முன் சுவர் ஓரமாகக் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைக்கலாம். காலையில் பார்த்தால் சிறு காலடிகளும் நடுவே வால் இழுத்த கோடும் தெளிவாகத் தெரியும். எலிக்குக் கண் பார்வை மந்தம். சுவரை மீசையால் தடவியபடி ஒரே தடத்தில் ஓடும். நாள்பட்ட தடத்தில் சுவர் ஓரம் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுத்திருக்கும்.

ஒன்றிரண்டுதானே என்று விடுவது ஆபத்து. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அவை ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தையில் வந்த ஒரு சோடி, சித்திரைக்குள் ஒரு கூட்டமாகிவிடும்.

தின்பதை விடக் கெடுப்பது அதிகம்

ஓர் எலி ஒரு நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தானியம் தின்னும். அதை விடப் பெரிய இழப்பு, புழுக்கையும் சிறுநீரும் பட்டு வீணாவது. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், மழைக்காலத்தில் கிராமங்களைத் தாக்கும் நோய்களில் ஒன்று. தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்கும்போது, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவே கிருமி உடலுக்குள் போய்விடும். வயலில் இறங்கிய சில நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வயலில் இறங்கியதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டித் தூசி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வழியை அடைப்பதே வைத்தியம்

பொறியும் மருந்தும் இருக்கும் எலியைக் குறைக்கும். வரும் எலியை நிறுத்தாது. சுண்டெலிக்குச் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை கூடப் போதும். 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குல இடுக்கு இருந்தால் உள்ளே வந்துவிடும். வீட்டெலிக்கு அரை அங்குலம். ஆகவே கதவின் அடியில் தகரப் பட்டை அடிக்க வேண்டும். சன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் கால் அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை வேண்டும். ஓட்டு வீடானால் சுவரும் கூரையும் சேரும் இறவாரத்து இடைவெளியைப் பூச வேண்டும். குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் நுழையும் இடங்கள் பலர் பார்க்கத் தவறுபவை. வளைகளைச் சிமெண்டோடு கண்ணாடித் துண்டுகள் கலந்து அடைப்பது கிராமத்தில் உள்ள வழக்கம். தோண்ட வரும் எலி அங்கே பின்வாங்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சிறு ஓட்டையில் திணித்து மேலே பூசுவதும் பலன் தரும்.

அடுத்தது உணவு. எலி சோறு இல்லாத இடத்தில் தங்காது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பாலும் தயிரும் குழம்பும் விட்டத்திலிருந்து தொங்கும் உறியில் இருந்தன. நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் கொட்டி வாயை மூடி வைத்தனர். இன்று அந்த நெல் சாக்கு மூட்டையில் சுவரை ஒட்டி அடுக்கப்படுகிறது. எலிக்கு இதைவிட வசதி வேண்டாம். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்கினால் பின்னால் கூடு கட்டாது, பார்வைக்கும் படும். அரிசிக்கும் பருப்புக்கும் இறுக்கமான மூடியுள்ள தகர டிரம் நல்லது. கோழித்தீவனத்தையும் மாட்டுத் தவிட்டையும் இரவில் திறந்து வைக்கக் கூடாது.

பொறி வைக்கும் முறை

மரப்பெட்டிப் பொறி, கம்பிக் கூண்டு, நொடியில் அடிக்கும் பொறி என்று பல வகை உண்டு. எதுவானாலும் நடு வீட்டில் வைத்தால் பயனில்லை. சுவரை ஒட்டி, எலி ஓடும் தடத்தில் வைக்க வேண்டும். தேங்காய்ச் சில்லை நெருப்பில் லேசாகக் கருக்கி மாட்டினால் வாசம் எட்டத்துக்குப் போகும். மசால்வடையும் கருவாடும் அடுத்த நிலை.

சிறிய எலி, பெரிய எலி இரண்டின் குணமும் வேறு என்பதை மறக்கக் கூடாது. சுண்டெலி புதுப்பொருளை ஆவலோடு முகரும்; முதல் இரவிலேயே சிக்கலாம். பெரிய எலியோ புதிதாக வந்த எதையும் சந்தேகப்படும். அதற்குப் பொறியை மூன்று நான்கு நாள் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு பூட்ட வேண்டும். காவிரிப் படுகையின் வயல்களில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி, எலியின் இந்தத் தடத்தையும் பழக்கத்தையும் கணித்தே வைக்கப்படுகிறது. வளையில் புகையை ஊதி எலி பிடிக்கும் இருளர்களின் கைத்திறனும் அப்படிப்பட்டதே. வளைக்குள் எலி சேர்த்த நெல்லையும் அவர்கள் தோண்டி எடுப்பதுண்டு.

பசை அட்டையைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஒட்டிய எலி நாள்கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும் அணில்குட்டியும் கூட மாட்டிக்கொள்ளும்.

விஷம் கடைசி வழி

எலி மருந்து வீட்டில் குழந்தைக்கும் கோழிக்கும் நாய்க்கும் ஆபத்து. விஷம் தின்ற எலியைப் பூனையோ கூகையோ தின்றால் அதுவும் சாகலாம். எலியைப் பிடித்துக் கொடுத்த உதவியாளை நாமே கொல்வதாகும். துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்து இல்லை. கல்லீரலை அழிக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய பசை வீட்டில் கிடந்தால் பயன்படுத்தக் கூடாது. கேக் வடிவ மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாளில்தான் கொல்லும். வைத்தே ஆக வேண்டுமானால் குழந்தை கைக்கு எட்டாத மூடிய பெட்டிக்குள் வைத்து, மிச்சத்தைக் கணக்கெடுத்து அகற்ற வேண்டும். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மருந்து உறையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108க்கு அழைக்கலாம்.

அணில்பிள்ளை

தமிழ் இந்த உயிரை 'அணில்பிள்ளை' என்று கூப்பிடுகிறது. முதுகில் மூன்று கோடு உள்ள தென்னிந்திய அணில், இலங்கையிலும் உண்டு. பகலில் மட்டுமே நடமாடும். பழம், கொட்டை, பூச்சி எல்லாம் தின்னும். ராமர் தடவிய கோடு என்ற கதையால் பெரும்பாலான வீடுகள் இதை அடிக்க மனம் கொள்வதில்லை. தோட்டத்துக்கு இழப்பு தருவது உண்மைதான்: கொய்யா, சப்போட்டா, மாதுளை ஆகியவற்றில் பழுத்ததைப் பார்த்துக் கடிக்கும். மாதுளைக்குத் துணிப்பை கட்டுவதும் சிறு மரத்துக்கு வலை போடுவதும் போதும்; வலை தளர்ந்தால் அணிலும் பறவையும் சிக்கும் என்பதால் இறுக்கிக் கட்ட வேண்டும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்ற பேச்சு உண்டு. என்றாலும் விலங்கு கடித்த பழத்தைத் தின்னாமல் இருப்பதே பாதுகாப்பு.

மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியும் கூரையைத் தொடும் கிளையும் அணிலுக்கும் வீட்டெலிக்கும் பாலம். கூரையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கிளையை வெட்டினால் ஒரு பாலம் அறுந்துவிடும். தென்னை மரத்தில் எட்டாத உயரத்தில் சுமார் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டினால் எலி ஏறாது. மட்டைகள் பக்கத்து மரத்தைத் தொட்டால் மட்டும் பலன் இல்லை.

அணில் விளக்குக் கூட்டிலோ ஓட்டின் அடியிலோ பஞ்சால் கூடு கட்டியிருந்தால், குட்டி இருக்கும்போது கலைக்காமல் விட்டு, அவை வெளியேறியதும் அந்த இடத்தை வலை போட்டு மூடலாம். கண் திறக்காத குட்டி கீழே விழுந்தால் சிறு பெட்டியில் துணி விரித்து அந்த மரத்தடியிலேயே வைக்க வேண்டும். பூனையும் எறும்பும் அண்டாமல் எட்ட நின்று கவனித்தால், பெரும்பாலும் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பசும்பால் புகட்டினால் அதன் வயிறு தாங்காது.

எப்போது பார்க்க வேண்டும்?

சம்பா அறுவடை முடிந்து வயலில் தீனி குறையும் தை, மாசியிலும், மழை வெள்ளம் வளைகளை நிரப்பும் ஐப்பசி, கார்த்திகையிலும் எலி வீட்டை நோக்கி வரும். அதற்கு முன், புரட்டாசியிலும் மார்கழியிலும் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டைச் சுற்றி நடந்து ஓட்டைகளை அடைத்து, சுவரை ஒட்டிய விறகையும் வைக்கோலையும் தள்ளி வைத்து, கிளைகளைக் கழித்துவிட்டால், அந்தப் பருவத்தில் பொறிக்கு வேலை குறையும், விஷத்துக்குத் தேவையே வராது.