தோட்டத்துக் கிணறும் நீச்சல் குளமும்

கொங்கு வட்டாரத்தில் 1980களில் வளர்ந்த எங்களுக்கு நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறுதான். சித்திரை வெயில் ஏறியதும், முற்றிக் காய்ந்த சுரைப்புருடையை எடுத்து முதுகில் கட்டிவிடுவார்கள். புருடை இல்லாத வீட்டில் காய்ந்த கற்றாழைத் தண்டு. பின்னாளில் பிளாஸ்டிக் கேன். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மாமன் மேட்டில் நிற்பார். "பயப்படாத கண்ணு, காலை ஒதை, காலை ஒதை" என்று அவர் போடும் சத்தம் கிணற்றுச் சுவரில் மோதி மறுபடியும் கேட்கும். சில நாளில் கயிறு அவிழும். பிறகு புருடையும் தேவைப்படாது.

அதற்கப்புறம்தான் கிணறு எங்களுடையது ஆகும். கடப்பாரை மாதிரி நேராக விழுவது, முழங்காலைக் கட்டிக்கொண்டு தொப்பென்று குதிப்பது, மூச்சடக்கிப் போய் அடிமண்ணை அள்ளிவந்து காட்டுவது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு ஆள் ஆழம் போனால் சில்லென்று காலைப் பிடிக்கும். கிணற்றுக்குள் சாய்ந்த கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடும். மோட்டார் ஓடினால் தொட்டியில் இன்னொரு குளியல். கண் சிவந்து, விரல் சுருங்கி வீடு வந்து குடித்த கம்மங்கூழின் ருசியை எந்த விருந்திலும் நான் கண்டதில்லை.

அக்காமார்களும் வந்தார்கள். பாவாடைக்குள் காற்றை அடைத்துப் பந்தாக்கிக்கொண்டு மிதப்பார்கள். ஆனால் வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து கிணற்று மேட்டுப் பக்கமே அவர்களைக் காண முடியாது. ஊரில் அதை யாரும் தவறென்று நினைக்கவில்லை.

இன்று என் மகள் நகரத்து நீச்சல் குளத்தில் கற்கிறாள். பயிற்சியாளர் விசில் ஊதுகிறார். கண்ணாடி, தொப்பி, மிதவைப் பலகை எல்லாம் உண்டு. நான்கடித் தண்ணீரில் தொடங்கி, மூச்சு விடும் முறையைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களுக்கு அந்த முறை தெரியாது. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே அடித்தோம். பன்னிரண்டு வயதுப் பெண், பதினைந்து வயதுப் பெண் என்று யாரையும் நிறுத்தாமல் அங்கே நீந்த விடுகிறார்கள். எங்கள் அக்காமாருக்குக் கிடைக்காத அந்த ஒன்றுக்காகவே நான் குளத்தின் பக்கம் நிற்பேன். "ஏனுங்கப்பா, இந்தத் தண்ணி மருந்து வாசம் அடிக்குது?" என்று அவள் முதல் நாள் கேட்டாள். குளோரின் போடுவார்கள் சாமி, கிருமி வராமல் இருக்க என்றேன்.

அவளை நம் கிணற்றுக்கே கூட்டிப்போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் பாறை தெரிகிறது.

செல்போன் பிள்ளைகளைக் கெடுத்ததால்தான் கிணற்று நீச்சல் போயிற்று என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தண்ணீரைக் கண்டால் இன்றும் பிள்ளை குதிக்கத்தான் செய்கிறது. தண்ணீர்தான் கீழே போய்விட்டது. தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான இடம் கடினப்பாறை. மழைநீர் மேலே சிதைந்த பாறைப் படுகையில் தங்கும்; அதற்கும் கீழே வெடிப்புகளில் கொஞ்சம். அந்த மேல்படுகையை நம்பித்தான் முன்னோர் கிணறு வெட்டினார்கள். மாடு கட்டி இறைத்தவரை ஊறிய அளவுக்குத்தான் எடுக்க முடிந்தது. பின் மின்மோட்டார் வந்தது. 1990 முதல் உழவர்கள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியதைக் கண்ணால் கண்டவன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு இறைக்கிறோம் என்று பார்க்கும் கவனம் அதோடு போயிற்று. அடுத்து வந்த போர்வெல், அவிநாசி, பல்லடம் பக்கங்களில் 1,000 அடியையும் தாண்டி இறங்கியது. மேலே இருந்த கிணறுகள் வற்றின. சில குப்பைக்குழி ஆயின.

வற்றியது தண்ணீர் மட்டும் அன்று; பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வழக்கமும்தான். கோடை விடுமுறை தோறும் கிணற்றிலும் கல்குழியிலும் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி வருகிறது. பாட்டி ஊருக்கு வந்த, நீச்சல் தெரியாத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்று அதைக் காசு வாங்காமல் செய்தது கிணற்று மேடு. இன்று குளத்துக்குக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே அது கிடைக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பக்கத்து மக்கள் கேட்டுவந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீர், ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி., ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே செல்ல வேண்டும். குளம் நிறைந்தால் பக்கத்துக் கிணறு ஊறும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீருள்ள கிணறு வைத்திருப்பவர்கள், சுற்றுச்சுவர் கட்டி, படியைச் சீராக்கி, பெரியவர் ஒருவர் கூடவே நின்று, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள்; பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரில்லாத கிணறு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை மூடிவிடாதீர்கள். ஐப்பசி மழை வருமுன் உள்ளே கிடக்கும் குப்பையை அள்ளிவிட்டு, மழையில் வயலில் ஓடும் தண்ணீரை வடிகட்டி அதற்குள் விடுங்கள்.